எட்டுச் சுற்று

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் நாளைக் காலை நான் குடிக்கும் காபி கருவாட்டுத் தண்ணியாகப் போகட்டும். என் வலது முட்டியின் மேல் ஆணை. இடது முட்டி ஏற்கெனவே போய்விட்டது, அதன்மேல் ஆணையிட்டால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நடந்த ஊர் தூத்துக்குடி. நடந்தது குலசேகரனுக்கு.

குலசேகரன் பஸ் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதுவது அவர் வேலை. டிரைவர் சொன்ன நேரத்தை அவர் ஒருநாளும் எழுதியதில்லை. தன் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுவார். அவர் டீ குடிக்க எழுந்து போனால், திரும்பி வரும்வரை பஸ் எல்லாம் வாசலிலேயே காத்து நிற்கும்.

அவர் மனைவி பவளம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் ஆனது. வீட்டுக்குள் வாக்கரைப் பிடித்து நடப்பாள். படி மட்டும் இறங்க முடியாது. வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லாத கட்டடம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் மேலே தூக்கினார்கள். படி திரும்பும் இடத்தில் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. பவளம் போட்ட கூச்சலில் இரண்டாம் மாடி வீட்டில் அடுப்பிலிருந்த பால் திரிந்துபோனது.

"இனிமே ஒருத்தன் கை என் மேல படக்கூடாது. தூக்குனா நீங்க தூக்குங்க. இல்லன்னா நான் இங்கயே கெடக்கேன்" என்றாள் புருஷனிடம்.

கிடந்தாள். ஏழு மாதம்.

அப்போதுதான் அவள் தம்பி ஆதிலிங்கத்துக்குப் பெண் அமைந்தது. ஆதிலிங்கத்துக்கு வயது நாற்பத்தொன்பது. அவன் முதன்முதலில் பார்த்த பெண்ணின் மகளுக்கே கல்யாணம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து எட்டாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மூன்றாவது முடிச்சு அவன் அக்கா கையால் விழ வேண்டும்.

"அக்கா வராம நான் தாலியத் தொட மாட்டேன்" என்றான் ஆதிலிங்கம்.

"அப்ப மண்டபத்தை மூணாவது மாடிக்குக் கொண்டாரச் சொல்லு" என்றார் குலசேகரன்.

"இருபத்தஞ்சு வருசமா நான் பொண்ணு தேடியிருக்கேன் அத்தான். நீங்க எட்டு வாரம் உடம்பத் தேத்தக் கூடாதா?"

குலசேகரன் அன்று கட்டிலிலிருந்து பவளத்தைத் தூக்கிப் பார்த்தார். நாலு எட்டு வைத்தார். ஐந்தாவது எட்டுக்கு இரண்டு பேரும் கட்டிலுக்கே திரும்பி வந்தார்கள்.

மறுநாள் ஜிம்முக்குப் போனார்.

பாத்திரக்கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது அந்த ஜிம். காலை ஆறு மணிக்கு ஒரு குரூப் வகுப்பு. பன்னிரண்டு பேர். நாற்பது நொடி உயிரைக் கொடுக்க வேண்டும், இருபது நொடி மூச்சு வாங்கிக்கொள்ளலாம், மறுபடியும் நாற்பது நொடி. நடத்துகிறவள் பெயர் செலஸ்டினா. வயது இருபத்தாறு. எல்லாரும் கோச் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் விசில் ஊதினால் துறைமுகத்தில் நிற்கும் கப்பல் பதிலுக்கு ஊதும். என் காதால் கேட்டிருக்கிறேன்.

முதல் நாள் குலசேகரனுக்குக் கொட்டிய வியர்வையில், கீழே பாத்திரக்கடைக்காரர் தளம் ஒழுகுகிறது என்று நினைத்து ஒரு அண்டா வைத்தார். ஏழு மணிக்கு அண்டாவை மாற்ற வேண்டியதாயிற்று.

வகுப்பு முடிந்ததும் குலசேகரன் சுவரைப் பிடித்துக்கொண்டே அவளிடம் போனார்.

"கோச்சம்மா, அம்பது கிலோவத் தூக்கிட்டு மூணு மாடி இறங்கணும். எட்டு வாரத்துல ஆகுமா?"

"அம்பது கிலோ என்னது அண்ணாச்சி?"

"என் வீட்டுக்காரி."

அவள் சிரிக்கவில்லை. மூலையில் அடுக்கியிருந்த மணல் மூட்டைகளைக் காட்டினாள். மொத்தம் ஏழு அளவு. இருபது கிலோவில் தொடங்கி, ஐந்து ஐந்தாக ஏறி, கடைசி மூட்டை ஐம்பது.

"கடைசி பன்னிரண்டு நிமிசம் படிக்கட்டு. மூட்டைய மார்போட அணைச்சு ரெண்டாவது மாடி வரைக்கும் இறங்கணும். திரும்ப ஏறணும். அது ஒரு சுத்து. நடுவுல இறக்கி வைக்கக் கூடாது. சனிக்கிழமை எட்டுச் சுத்து போட்டுட்டா அடுத்த வாரம் அடுத்த மூட்டை."

"யாரு எண்ணுவா?"

"நீங்கதான்."

"யாரு பாப்பா?"

"யாரும் பாக்க மாட்டாங்க. அவங்கவங்களுக்கு அவங்கவங்க மூட்டையே பாரம். முடிச்சிட்டு வந்து எண்ணிக்கையைச் சொல்லுங்க. நான் போர்டுல எழுதிருவேன்."

குலசேகரனுக்கு மூச்சு வாங்குவதே நின்றுவிட்டது.

"பாக்காம எப்படி எழுதுவீங்க?"

"எழுதுறது என் வேலை. எண்ணுறது உங்க வேலை."

அன்று முழுவதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பார்க்காமல் ஒரு எண்ணை எழுதுவதாம்! பஸ் நிலையத்தில் அப்படி எழுதியிருந்தால் திருச்செந்தூர் பஸ் நேற்றே வந்து சேர்ந்திருக்கும்.

முதல் சனிக்கிழமை இருபது கிலோ. எட்டுச் சுற்றுப் போட்டார். சுத்தமான எட்டு. போர்டில் அவர் பெயருக்கு நேரே எட்டு விழுந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டார்.

இரண்டாவது சனிக்கிழமை இருபத்தைந்து. ஐந்தாவது சுற்று முடித்து மேலே வருவதற்குள் விசில் ஊதிவிட்டது. எல்லாரும் போர்டு முன்னால் நின்று எண்ணிக்கையைச் சொன்னார்கள். கருவாட்டு மண்டி வைத்திருக்கும் ஜஸ்டின், "ஆறு கோச். நடுவுல ரெண்டு தடவை மூட்டையக் கீழ போட்டுட்டேன், அதைக் கழிச்சுச் சொல்லுதேன்" என்றான்.

குலசேகரன் வாயைத் திறந்தார். ஐந்து என்று சொல்லத்தான் திறந்தார். ஐந்து என்றால் இன்னொரு வாரம் இதே மூட்டை. ஏழு மூட்டை, எட்டு வாரம். ஒரு வாரம்தான் மிச்சம் இருக்கிறது.

"எட்டு" என்றது வாய்.

செலஸ்டினா எட்டு என்று எழுதினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவர் இட்லிக் கடையைத் தாண்டி நேரே வீட்டுக்குப் போனார்.

முப்பது கிலோ மூட்டை வந்ததும் அடுத்த கஷ்டம். படி திரும்பும் இடம் வருவதற்குள் கை இரண்டும் கழன்று விழுவது போல் வலித்தது. இறக்கி வைக்காமல் முடியாது. வைத்தால் சத்தம் கேட்கும். ஜஸ்டின் மூட்டையைப் போட்டால் தொப்பென்று மூன்று மாடிக்கும் கேட்கும். "மண்டிக்குச் சரக்கு வந்துட்டு" என்று மேலேயிருந்து எல்லாரும் கத்துவார்கள். ஜஸ்டினுக்கு அதில் வெட்கம் கிடையாது. குலசேகரனுக்கு உண்டு.

ஆகவே யார் கண்ணிலும் படாத நேரமாக, சத்தம் வராமல் வைக்கப் பார்த்தார். முதுகை நேராக வைத்துக்கொண்டார். முட்டியை மடக்கினார். மூட்டையின் ஒரு முனை தரையைத் தொட்டதும் மூச்சை அடக்கிக்கொண்டு மறு முனையை விட்டார். மணல் கொஞ்சமும் சரியவில்லை. இருபது எண்ணினார். அதே மாதிரி எடுத்தார். மேலே போகும்போது இடையில் நிற்காதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

ஐந்தாவது வாரத்தில் நாற்பது கிலோ. அந்தத் திருப்பத்தில் ஒரு பூனை படுத்திருக்கும். அதன் வாலுக்கு நாலு விரல் தள்ளி மூட்டையை வைப்பார். பூனை கண்ணைத் திறக்காது.

"அண்ணாச்சி, நாங்க இறங்குனா இடி விழுது. நீங்க இறங்குனா ஆள் இருக்கிற மாதிரியே தெரியலியே. தனியா லிஃப்ட் ஏதும் வச்சிருக்கீங்களா?" என்றான் ஜஸ்டின்.

"ஒன்னய மாதிரி கருவாடு தின்னு வளந்த உடம்பா இது? காத்து மாதிரி போயிட்டு வருவேன்லா" என்றார் குலசேகரன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். போர்டில் எட்டு. அடுத்த வாரமும் எட்டு. உள்ளபடி நாலு, பிறகு மூன்று. ஏழாவது சனிக்கிழமை ஐம்பது கிலோ மூட்டைக்கு நேரேயும் எட்டு விழுந்தது.

"போர்டுல என்ன எழுதுனாங்க?" என்று பவளம் கேட்டாள்.

"எட்டு."

"அம்பதுலயா?"

"அம்பதுல."

அவள் உடனே தம்பிக்குப் போன் போட்டாள். "ஏல ஆதி, மண்டபத்துல எனக்கு முன் வரிசையில இடம் போடு. ஒங்க அத்தான் என்னயத் தூக்கிட்டு வாராரு. எட்டுத் தடவை ஏறி எறங்குற மனுசனுக்கு மூணு மாடி எம்மாத்திரம்?"

பட்டுச் சேலையை வெளியே எடுத்தாள். ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாள். வியாழக்கிழமை காலை குலசேகரன் அறைக்குள் போனபோது, அவள் வாக்கரின் கைப்பிடியில் ஒரு மஞ்சள் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள்.

"படுத்தே கெடந்ததுல விரலு மரத்துப் போச்சு. அதான் பழகுதேன்" என்றாள்.

குலசேகரன் அவள் விரல்களைப் பார்த்தார். பிறகு வெளியே வந்து படிக்கட்டை எட்டிப் பார்த்தார். கீழே தரை தெரிந்தது. எத்தனையோ வருடமாக ஏறி இறங்கிய படி. அன்றைக்குத்தான் அதற்கு அவ்வளவு ஆழம் இருப்பது தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்தது. எல்லாரும் போகும்வரை காத்திருந்தார்.

"கோச்சம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"நாளன்னைக்கு நான் அவளைத் தூக்கிட்டு மூணு மாடி இறங்கலாமா?"

செலஸ்டினா கையால் போர்டைக் காட்டினாள். குலசேகரன், ஐம்பது கிலோ, எட்டு.

"அதைக் கேக்கல. உங்களுக்கு என்ன தோணுதுன்னு கேக்குறேன்."

"எனக்கு அதுல இருக்கறதுதான் தோணுது. எட்டுச் சுத்துன்னா எட்டு மாடி இறக்கம், எட்டு மாடி ஏத்தம். நடுவுல எங்கயும் வைக்கல. உங்க வீடு மூணு மாடிதானே? தாராளமா இறங்கலாம்."

"சரி" என்றார் குலசேகரன்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நாலு படி இறங்கினார். நின்றார். திரும்பி ஏறி வந்தார்.

"அந்த எட்டு..."

"ம்."

"எட்டு இல்ல."

அவள் மார்க்கரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

குலசேகரன் உள்ளங்கையால் எட்டை அழித்தார். மூன்று என்று எழுதினார். முப்பத்தோரு வருட உத்தியோகத்தில் எழுதியதை அழித்து எழுதாத மனிதர். கோணலாக விழுந்தது.

"மூணு சுத்துலயும் நடுவுல வைக்கலியா?"

"வச்சேன். படி திரும்புற இடத்துல."

"எத்தனை தடவை?"

"போகும்போதும் வச்சேன். வரும்போதும் வச்சேன். ஒரு தடவைகூட வைக்காமப் போகல."

பேசப் பேசக் குரல் இறங்கிக்கொண்டே போனது. "அவ சேலை எடுத்து வச்சிட்டா. நாளன்னைக்குப் படியில என் கை விட்டுட்டா அவ கதி என்ன? போன் பண்ணி ஆதிலிங்கத்துக்கிட்ட வேற தேதி பாக்கச் சொல்லிரட்டுமா?"

செலஸ்டினா அவர் கையிலிருந்து மார்க்கரை வாங்கி மூடினாள்.

"உங்க வீட்டுப் படியில நிக்கிற மாதிரி எத்தனை எடம் இருக்கு?"

"படி திரும்புற எடம் மூணு. நடுவுல மாடி ரெண்டு. அஞ்சு."

"கை வச்ச நாற்காலி அஞ்சு கெடைக்குமா?"

"பக்கத்து வீடுகள்ல கேட்டா கெடைக்கும்."

"எடத்துக்கு ஒண்ணு போட்டு வைங்க."

குலசேகரன் அவளைப் பார்த்தார்.

"நடுவுல இறக்கி வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது மூட்டைக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து நாற்காலியும் படியில் ஏறின. சுவரோடு ஒட்டி, ஆடாமல் கிடக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் குலசேகரன் தாமே உட்கார்ந்து பார்த்தார். பவளம் பட்டுச் சேலையில் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். அவர் குனிந்து அவளை மார்போடு ஏந்தினார்.

"மெதுவா. நான் மூட்டை இல்ல" என்றாள்.

"மூட்டை இவ்வளவு பேசாது."

பதினோரு படி. முதல் திருப்பம். முதுகை நேராக வைத்தார். முட்டியை மடக்கினார். பவளம் இரண்டு கண்ணையும் இறுக மூடியிருந்தாள்.

"எப்ப வைக்கப் போறீங்க?"

"வச்சாச்சு."

கண்ணைத் திறந்து நாற்காலியின் கையைத் தடவிப் பார்த்தாள்.

இருபது எண்ணினார். அடுத்த பதினோரு படி. இரண்டாம் மாடியில் அந்த வீட்டுக்காரம்மா காபி கொடுத்தார். பவளம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஒன்பது மாதத்து ஊர்க்கதையை ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டே குடித்தாள். அதற்குள் போன் இரண்டாவது தடவை அடித்தது.

"அத்தான், எங்க இருக்கீங்க?"

"ரெண்டாவது மாடி."

"பத்து நிமிசம் முன்னாடியும் ரெண்டாவது மாடின்னுதானே சொன்னீங்க!"

"ஒங்க அக்கா காபி குடிக்கா."

மண்டபத்தில் ஐயர் அதே மந்திரத்தை மூன்று தடவை சொன்னார். நாலாவது தடவை சொல்லும்போது மாப்பிள்ளைக்கே மனப்பாடமாகிவிட்டது. நாதஸ்வரக்காரர் இரண்டு தடவை மூச்சு வாங்கப் போய்விட்டு வந்தார். முகூர்த்தம் முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது பவளம் வந்து சேர்ந்தாள். மூன்றாம் முடிச்சு போட்டாள். ஒரே தடவையில் விழுந்தது. பெண்ணின் கழுத்தை விட்டு நிமிர்ந்தபோது அவள் கண் கூட்டத்தில் குலசேகரனைத் தேடியது. அவர் ஒரு தூணோரமாகத் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

திரும்ப மேலே ஏற்றியது தனிக் கதை. அதற்கு ஒன்பது நாற்காலி.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு குலசேகரன் வகுப்பில் நின்றார். முடியும்வரை பேசவில்லை. மற்றவர்கள் போன பிறகு கேட்டார்.

"எட்டு இல்லன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது சனிக்கிழமையே தெரியும்."

"தெரிஞ்சா எழுதுனீங்க?"

"நீங்க சொன்னீங்க. எழுதுனேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே கோச்சம்மா. ஆறு வாரம்! ஒரு நிமிசம் பொய் சொன்ன டிரைவரைக்கூட நான் நிக்க வச்சுக் கேப்பேன்."

செலஸ்டினா மூட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கடைசி மூட்டையை அடுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"கேக்கலாம்னு ஒரு நாள் படி வரைக்கும் வந்தேன் அண்ணாச்சி. நீங்க அந்தப் பூனை பக்கத்துல மூட்டைய இறக்கிட்டிருந்தீங்க. கூப்பிட்டா கை நழுவிருமேன்னு திரும்பிட்டேன்."

குலசேகரன் ஒன்றும் சொல்லவில்லை.

நீங்களும் அவரிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். யார் சொன்னது என்று கேட்டால், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த எவனோ சொன்னான், பெயர் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அவர் இன்னமும் அந்த வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறார். நான் வெறும் நாற்பத்தெட்டு கிலோ. என்னையும் தூக்கினால் அப்படி மெதுவாக வைப்பார் என்று சொல்ல முடியாது.